காலிக் கூடைகள்

சின்னக்கானலுக்கு முந்தைய வளைவில் ஸ்போர்ட்ஸ் கார்கள் வரிசையாக நிற்கின்றன. கார் கிளப்காரர்களின் வார இறுதிக் கூட்டமாம். பின்னால் தேயிலைச் சரிவில் பத்துப் பெண்களை முதுகில் கூடையோடு சிரிக்கச் சொல்லி நிறுத்தியிருக்கிறார்கள். இந்தத் தோட்டத்தில் கத்திரியால் வெட்டிச் சாக்கில்தான் கொழுந்து எடுக்கிறார்கள். கூடைகள் படம் எடுப்பதற்காகக் காரில் வந்தவை, எல்லாம் காலி. இன்று ஞாயிற்றுக்கிழமை வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"பைக்கைக் கொஞ்சம் எடுங்க மேடம், படத்துல விழுது" என்று புகைப்படக்காரர் கை வீசுகிறார்.

"ரோடு உங்களுதுங்களா?"

எஞ்சினை அணைத்துச் சாவியைப் பையில் போட்டுக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். இது என் சம்பளத்தில் வாங்கிய வண்டி. கொழிஞ்சாம்பாறையிலிருந்து இதுவரை யாருக்கும் ஒதுங்காமல்தான் ஓட்டி வந்திருக்கிறேன்.

கூடையோடு சாலையோரமாக நிற்கும் பெண்ணிடம் கேட்கிறேன். "ஏனுங்க அக்கா, லீவு நாள்ல எதுக்குங்க இதுக்கெல்லாம் வந்தீங்க?"

"சூப்பர்வைசர் கூப்ட்டா வராம இருக்க முடியுமா?"

"அதுக்குத்தானுங்க நான் நகர மாட்டேங்கறது."

"நல்லாருக்கு போ! நீ அவுகளோட சண்ட போடுத, வெயில்ல நிக்கது நாங்கல்லா? எம் மக ஹாஸ்டல்ல இருந்து வந்திருக்கா. மத்தியான பஸ்ஸுல திரும்பிப் போயிருவா. வண்டிய எடும்மா."

சாவியை எடுத்து வண்டியை வளைவுக்கு அப்பால் தள்ளிக்கொண்டு போகிறேன்.

"தேங்க்ஸ் மேடம்" என்கிறார் புகைப்படக்காரர்.

உங்களுக்காக எடுக்கவில்லை என்று சொல்ல வாய் வரை வருகிறது. சொன்னால் அவர் ஏதாவது பதில் சொல்வார், நான் விடமாட்டேன். அவ்வளவு நேரமும் அந்தப் பெண்தான் நிற்க வேண்டும்.