ஒரு முழ வாசனை

பழங்காநத்தம் நிறுத்தத்தில் மூன்று பஸ்களை விட்டுவிட்டு நான்காவதில்தான் ஏறுவார் ஆன்மேரி. முதல் மூன்றும் செய்த பாவம், உட்கார இடம் வைத்திருந்ததுதான். நான்காவது பிதுங்கிக்கொண்டு வரும். "காலி பஸ்ஸு கண்ணுக்குத் தெரியலையா டீச்சர்?" என்பார் பூக்கடை முத்திருளன். "காலி பஸ்ஸுல எனக்கென்னண்ணே வேலை?" என்றபடி, இடது மணிக்கட்டைக் கட்டுப் போட்ட கைபோல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நெரிசலுக்குள் நுழைந்துவிடுவார்.

டீச்சர் என்று கூப்பிட்டால் மறுக்க மாட்டார். உண்மையில் மிஷன் பள்ளிக்கூடத்து வேதியியல் ஆய்வகத்தில் முப்பத்தொரு வருடம் உதவியாளர். "அழுகுன முட்டை நாத்தத்துக்கு அம்புட்டு வருசம் குடுத்தாச்சு. மிச்சத்த நல்ல வாசத்துக்குக் குடுப்போமே" என்று, ஓய்வு பெற்ற மறுவாரமே வாசனை எண்ணெய் செய்ய உட்கார்ந்தவர்.

எள்ளையும் மல்லிகை மொட்டையும் அடுக்கடுக்காகப் பரப்பி, தினமும் பூவை மட்டும் மாற்றி, ஏழாம் நாள் அந்த எள்ளைச் செக்கில் கொடுத்து ஆட்டி வாங்குவார். அந்த எண்ணெயில் காய்ந்த மகிழம்பூவும் பூலாங்கிழங்குத் தூளும் துணிமுடிச்சில் ஊறும். ஆளைத் தூக்கும் வாசனை அல்ல. குளிப்பாட்டிப் பவுடர் போட்ட பிள்ளையின் கழுத்தடி வாசனை. ஒரு முழத்துக்கு மேல் நகராது. மோந்து பார்க்க யாராவது ஒட்டி உட்கார வேண்டும். அவர் வீட்டிலோ இரண்டாவது நாற்காலியில் துவைத்த துணிதான் உட்கார்ந்திருக்கிறது.

அவர் விடும் கதைகளுக்கு இந்த முழக்கணக்கு கிடையாது. "சிம்மக்கல்லுல ரெண்டு தேனீ ஏறுச்சு. என் பக்கத்துலயே உக்காந்து ஆரப்பாளையம் வரைக்கும் வந்துச்சுக. கண்டக்டர் அதுகளுக்கும் ஃப்ரீ டிக்கெட்டு கிழிச்சாரு. உழைக்கிற தேனீயெல்லாம் பொம்பளைதானே!" பஸ்ஸே சிரிக்கும். அந்தச் சிரிப்புக்கு நடுவில் மணிக்கட்டைப் பக்கத்துப் பெண்ணின் மூக்கருகே நீட்டி, "எப்பிடி இருக்கு?" என்பார். "நல்லாருக்கு டீச்சர்" என்ற பதில் வரும். அதை வைத்துக்கொண்டு வீடு திரும்புவார்.

நாலு வருடத்துக்கு முன்னால் வந்த காய்ச்சலில் அவருடைய மூக்கு போய்விட்டது. மற்றதெல்லாம் திரும்பியது, வாசனை மட்டும் திரும்பவில்லை. ஒருவருக்கும் சொல்லவில்லை. ஞாயிறுதோறும் பேசுகிற அண்ணன் மகன் கிளமெண்டுக்குச் சொன்னால், "கேஸு கசிஞ்சா எப்பிடித் தெரியும் அத்தை?" என்பான், அடுத்த வாரமே காரோடு வந்து நிற்பான். கோயம்புத்தூரில் ஒரு முதியோர் இல்லத்தை ஏற்கெனவே பார்த்து வைத்திருக்கிறான்.

கோடை மழை பெய்த வாரம் ஈரம் உலராத மல்லிகையை எள்ளில் போட்டுவிட்டார். அந்த எண்ணெயையே ஒரு மாதம் பூசினார். ஒரு வெள்ளிக்கிழமை, சிம்மக்கல்லிலிருந்து திரும்பும் பஸ்ஸில், காலிக் கூடையோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள் கீரைக்காரி முனீஸ்வரி. நீட்டிய கையைப் பிடித்து மோந்தவள் முகத்தைச் சுளித்தாள்.

"யக்கா, கோவிச்சுக்கிராதீக. எண்ணெய் சிக்கு வாடை அடிக்குது. எம்புட்டு நாளா பூசுறீக?"

"ஒரு மாசமா."

"ஒரு மாசமாவா! ஒருத்தருமா சொல்லல?"

"எல்லாரும் நல்லாருக்குன்னாகளே."

"அவுக சொல்லட்டும். உங்க மூக்கு எங்க போச்சு?"

ஆன்மேரி ஜன்னலைப் பார்த்தார். தேனீக் கதை ஒன்றும் வாயில் வரவில்லை. "போயிருச்சு தாயி. நாலு வருசமாச்சு" என்றார்.

முனீஸ்வரி உச்சுக்கொட்டவில்லை. "அதுக்கென்ன, எனக்குத்தான் இம்புட்டுப் பெரிய மூக்கு இருக்குல்ல? புதுசாப் போட்டுக் கொண்டாங்க. வெள்ளிக்கு வெள்ளி இதே பதினொன்னே கால் வண்டியிலதான் வாரேன்" என்று சொல்லிக் கூடையோடு இறங்கிப்போனாள்.

பழைய சீசாக்களைக் கழுவிக் கவிழ்த்தார் ஆன்மேரி. இந்தத் தடவை மொட்டு மொட்டாகத் துடைத்து, ஃபேனுக்கடியில் உலர்த்தியபின்தான் எள்ளில் போட்டார். அது தேறியதா என்று அவருக்கு இன்னும் தெரியாது. இப்போதெல்லாம் மூன்று பஸ்ஸை விடுவதில்லை. வெள்ளிக்கிழமை வருகிற முதல் பஸ்ஸிலேயே சிம்மக்கல் போய், பதினொன்றே கால் வண்டியில் ஏறி, பக்கத்து சீட்டில் பையை வைத்துவிடுகிறார்.

மூன்று வெள்ளி போய்விட்டது. முனீஸ்வரியின் ஊரையோ போன் நம்பரையோ அன்றைக்குக் கேட்டுக்கொள்ளவில்லை.

நான்காவது வெள்ளி, ஒரு காலேஜ் பெண் வந்து நின்றாள். "ஆன்ட்டி, இங்க ஆள் வருதா?"

"வருதும்மா."

அவள் பின்னால் போய் உட்கார்ந்தாள். அவளிடம் கை நீட்டியிருக்கலாம்தான். நல்லாருக்கு என்றிருப்பாள்.

டிரைவர் ஏறி ஹாரன் அடித்தார். படிக்கட்டில் ஒருவரும் இல்லை. ஆன்மேரி பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, புதுச் சீசாவைத் திறந்து மணிக்கட்டில் ஒரு சொட்டுத் தேய்த்தார். பிறகு அந்தக் கையை, உள்ளங்கை மேலே பார்க்க, காலி சீட்டின் மேல் வைத்தார்.