வாடிய அரளி

அரளி வேலியை வெட்டிய அன்று அப்பா இருந்தார், வீட்டுக்காரர் இருந்தார், நான் இருந்தேன். அம்மா இல்லை, சித்தாள் வேலைக்குப் போயிருந்தாள். எங்கள் இரண்டு ஆடுகளும் அவள் வளர்த்தவை. நான் பி.யு.சி. தேறியிருந்தேன். அவற்றை விற்றுத்தான் டிகிரிக்குச் சேர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வியாபாரி வருவதாகப் பேச்சு.

மார்டள்ளி கிராமத்திலிருந்து பிழைக்க வந்து, மைசூரில் அப்பா தோட்ட வேலை பார்த்த வீட்டை ஒட்டிய காலி மனையில் தகரக் கொட்டகை போட்டிருந்தோம். வராந்தாவில் காபி குடிக்கும்போது எங்கள் கொட்டகை கண்ணில் படுகிறதென்றுதான் வீட்டுக்காரர் வேலி கேட்டார். முதலில் வைத்த செம்பருத்தியை எங்கள் ஆடுகளே மேய்ந்துவிட்டன. அதற்கப்புறம்தான் அரளி. மழை தொடங்கியதும் முற்றிய குச்சிகளை ஒன்றரை அடிக்கு ஒன்றாக அப்பா ஊன்றினார். நுனியைக் கிள்ளக் கிள்ளப் பக்கக் கிளை விட்டு அடர்ந்தது. மூன்றாம் மழைக்குள் ஆள் உயரம். வருஷம் முழுக்க இலையும் பூவும். எங்களை மறைக்க அப்பாவே வளர்த்தது. வருகிறவர்கள் மெச்சினால் அவருக்குப் பெருமை வேறு.

"ஸ்வல்ப நேரா வெட்டப்பா" என்றார் வீட்டுக்காரர், கன்னடம் கலந்த தமிழில். என் பக்கம் திரும்பி, "டிகிரி ஓதப் போறியாமே? அப்புறம் கத்தரி யார் பிடிக்கறது?" என்றார்.

நான் சிரித்து வைத்தேன்.

"கழிச்ச தழைய எங்கீங்க போடறது?" என்று அப்பா கேட்டார்.

"உன் பக்கமே தள்ளு. ஆடு தின்னாதல்லவா?"

"மோந்து பாத்துட்டுப் போயிருமுங்க சாமி. நம்மளவிட அதுக்குப் புத்தி சாஸ்தி."

பச்சையாக இருக்கும்வரைதான் அந்தப் புத்தி. இரண்டு நாள் வெயிலில் வாடினால் கசப்பு குறைந்துவிடும், விஷம் குறையாது. வெள்ளிக்கிழமை மாலை அம்மா திரும்பியபோது ஒன்று செத்துக் கிடந்தது. மற்றது காலை உதைத்துக்கொண்டிருந்தது. மடியில் கிடத்திப் புளித்தண்ணீர் புகட்டினாள். எல்லாம் வாயோரம் வழிந்தது.

"கறிக்காச்சும் போடலாம்னா அதுக்கும் வழியில்லாமப் பண்ணிப்புட்டியே" என்றாள். அப்பா மீதித் தழையைக் கூட்டி அள்ளினார்.

வீட்டுக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுதான் பேசினார். அவர் முகம் தெரியவில்லை. வேலி அவ்வளவு நன்றாக வந்திருந்தது.

"தொடாதுன்னு நீதானேப்பா சொன்னே? நாத்தம் வர்றதுக்குள்ள தூரக் கொண்டுபோய்ப் புதை."

மறுநாள் காலை இரண்டையும் புதைத்துவிட்டு வந்த அப்பாவுக்கு அரைநாள் கூலி பிடித்தார்கள். நான் கல்லூரியில் சேரவில்லை. கத்தரியைப் பிடித்தேன்.

ஆடுகளுக்கு வியாபாரி பேசியிருந்தது ஆயிரத்து இருநூறு. பிடித்தம் இருபது. ஆக, நஷ்டம் ஆயிரத்து இருநூற்று இருபது ரூபாய்.