புதைத்த நெல்

பழைய காலப் போர்களைக் கணினியில் நடத்தும் விளையாட்டு ஒன்றில், படைகளுக்கு உணவு கிடைக்கும் விதியைத் திருத்தியிருந்தேன். இனிப் படை நெருங்கினால் ஊர்ச்சனம் நெல்லைப் புதைத்துவிட்டு ஓடிவிடும். கிளிநொச்சி வீட்டில் என் பக்கத்தில் இருந்து தம்பி அதை விளையாடிப் பார்த்தான். ஆளில்லாத ஊரில் அவனுடைய படை பட்டினியால் செத்துக்கொண்டிருந்தது.

“தாட்ட நெல்லைக் கிண்டி எடுக்க ஒரு வழி வையண்ணை.”

“வைக்கமாட்டன். அது சனத்தின்ர சாப்பாடு,” என்று கத்தினேன்.

அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “நாங்கள் தாட்டுப்போட்டுப் போன நெல்லு, திரும்பி வரேக்க இருந்ததோ?”

இருக்கவில்லை. இடம்பெயர்ந்து போன நாங்கள் சண்டை முடிந்து வீட்டுக்கு வந்தபோது குழி திறந்து கிடந்தது. அடியில் விரித்த சாக்கைக்கூட விட்டுவைக்கவில்லை.

விசைப்பலகையை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். விதி அப்படியே இருக்கட்டும்; அவனுடைய படை பட்டினி கிடந்தே சாகட்டும்.