முதல் இறால் அண்ணனுக்கு

அண்ணனைப் பற்றி எழுதச் சொல்லி அண்ணி கேட்டபோது மறுக்க முடியவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். நாலு பேர் முன்னால் பேசவும் வராது. ஆனால் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் எல்லோரும் இன்று எங்கள் வீட்டில் சாப்பிடப் போகிறீர்கள். அதனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்.

அண்ணன் பிறந்து வளர்ந்தது தாம்பரத்தில். அப்பா சீக்கிரமே இறந்துவிட்டதால் படிப்பை விட்டுவிட்டு, பட்டணத்தில் ஒரு பெரிய ஓட்டலுக்குப் பாத்திரம் கழுவப் போனார். மின்சார ரயிலில் போய் வந்தே சமையல்காரர் ஆனார். என்னை ஆளாக்கியதும் அவர்தான்.

அந்த ஓட்டலில் அப்போது இறால் காக்டெயில் பெயர் பெற்றது. வேகவைத்த இறாலைக் குளிர வைத்து, மயோனைஸ், தக்காளி சாஸ், எலுமிச்சைச் சாறு கலந்து கண்ணாடிக் கோப்பையில் போட்டு, விளிம்பில் சில இறால்களைத் தொங்கவிடுவார்கள். இப்போது அதைக் கேட்பார் இல்லை. அண்ணன் மட்டும் வீட்டு விசேஷம் தவறாமல் செய்வார். கோப்பைக்குப் பதில் ஐஸ்கிரீம் கப், அடியில் போடும் சாலட் இலைக்குப் பதில் முட்டைக்கோஸ்.

"இன்னாப்பா, இறாலத் தூக்குல போட்டு வச்சிக்கினு கீற?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேலி செய்வார்.

"துன்னு பாருக்கா. அப்புறம் கப்ப வுட மாட்ட."

முதல் இறாலைச் சமைத்தவரே சாப்பிட வேண்டும் என்பது அண்ணனின் கட்டுப்பாடு. சாப்பிட்டுச் சற்று நேரம் அசையாமல் நிற்பார். பிறகுதான் கப்புகள் கூடத்துக்குப் போகும்.

அண்ணன் மகளுக்கு நிச்சயம் முடிந்து, பெருங்களத்தூர் சம்பந்தி வீட்டாரை முதன்முதலாக விருந்துக்கு அழைத்திருந்தோம். அன்று காலை கரண்ட் போய் வெகுநேரம் வரவில்லை. வேகவைத்த இறால் ஃபிரிட்ஜில் இருந்தது. கூடத்தில் சம்பந்திகள் உட்கார்ந்திருக்க, அண்ணன் என்னைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார்.

"மோந்து பாருடா."

"நீயே பாருண்ணா."

"எனக்கு வாசனையே தெரியலடா. போன மாசம் வந்த காய்ச்சல்லருந்து ருசியும் தெரியல. உங்க அண்ணிகிட்டகூடச் சொல்லல."

முகர்ந்தேன். நல்லதா கெட்டதா, பயத்தில் பிடிபடவில்லை.

"கொட்டிடலாம்ணா."

"கொட்டிடலாம். நீ சொன்னா கொட்டிடறேன்."

அவர் முகத்தைப் பார்த்தேன். வாழ்நாள் முழுக்கச் சமைத்தவர் என் வார்த்தைக்காக நின்றார். ஒரு இறாலை எடுத்து வாயில் போட்டேன்.

"கொழகொழன்னு கீதா?"

"இல்லண்ணா. இனிப்பா கீது."

என் மணிக்கட்டைப் பிடித்தபடி நின்றார். பிறகு கப்புகளை எடுத்துக்கொண்டு போனார். அன்று இருவரும் சிரித்துக்கொண்டே இருந்தோம்; உள்ளுக்குள் கல்யாணமே நின்றுவிடுமோ என்று நடுங்கினோம். மறுநாள் காலையில் சம்பந்தியின் போன் வந்தது. "நீ பேசு" என்று அண்ணன் அதை என் கையில் திணித்துவிட்டார்.

"அந்த இறாலு எப்படிச் செய்யறதுன்னு வூட்ல கேக்குறாங்கப்பா" என்றார் சம்பந்தி.

மகள் கல்யாணத்தைக் கண்குளிரப் பார்த்தார் அண்ணன். அதன் பிறகு வந்த நெஞ்சு வலிக்கு நாங்கள் தயாராக இல்லை. அன்று அவரைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றிய தெருக்காரர்களுக்கும், அண்ணிக்குத் துணையாக இருந்த பக்கத்து வீட்டு அக்காவுக்கும், சம்பந்தி குடும்பத்தாருக்கும் எங்கள் கைகூப்பிய நன்றி.

முதலாண்டுப் படையலுக்கு அந்த இறாலைத்தான் வைக்க வேண்டும் என்கிறார் அண்ணி. செய்யப்போவது நான். இதை அச்சுக்குக் கொடுக்கும்போது இறால் இன்னும் வாங்கவில்லை. அதற்குள் ஒரு சிக்கல். படையலுக்கு வைப்பதை முன்னால் ருசி பார்க்கக் கூடாது. ருசி பார்க்காமல் இத்தனை பேருக்கு எப்படிக் கொடுப்பேன்? அண்ணனுக்கு வாசனை தெரியாமல் போனதையும் சொல்லி, அண்ணியிடமே கேட்டேன். சற்று அழுதார்.

"எப்பவும் அவர்தான மொதல்ல சாப்புடுவாரு? இப்பவும் அவரே சாப்புடட்டும். அடுத்தது நீ சாப்புடு" என்றார்.

அதனால் உறவினர்களும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும். படையல் எடுத்ததும் அண்ணன் கப்பிலிருந்து ஒரு இறாலை நான் எடுத்துத் தின்பேன். சற்று நேரம் அசையாமல் நிற்பேன். நான் தலையாட்டும் வரை உங்கள் கப்பைத் தொட வேண்டாம்.