கனேலின் முதுகும் என் அட்டையும்

1. மேசையில் வந்து விழுந்த சேணம்

அன்று செவ்வாய்க்கிழமை. கடையைத் திறந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மதாம் ஒடில் உள்ளே வந்து, தோளில் சுமந்துவந்த வெஸ்டர்ன் சேணத்தை மேசையில் தொப்பென்று போட்டார். ஒரு சிறுபிள்ளையின் பாரம் இருக்கும். மேசையிலிருந்த தேநீர்க் கோப்பை துள்ளி விழுந்து உடைந்தது. அது என் கோப்பை. வேண்டுமென்றே செய்தார் என்றுதான் நினைத்தேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. லாச்சப்பல் மெத்ரோ நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், குதிரைச் சேணம் விற்கும், திருத்தும் கடையில் எனக்கு வேலை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒன்றரை வருடம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற தற்காலிக வதிவிட அனுமதி, ரெசெப்பிசேதான் கையில் இருந்த ஒரே தாள். அதைப் புதுப்பிக்க முதலாளியின் கடிதம் வேண்டும். முதலாளி மொசியே லூசியன். கடையில் எல்லோருக்கும் அவர் பத்ரோன்.

எனக்கு அப்போது பிரெஞ்சு அரைகுறை. பெரிய பேச்சு வந்தால் அந்துவான் அண்ணைதான் தமிழில் சொல்வார். புதுச்சேரிக்காரர், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர், கடைக்கு வருபவர்களோடு பேசுவது அவர் வேலை. அவர்மேல் எனக்கு நம்பிக்கை இருக்கவில்லை. பத்ரோன் ஐந்து நிமிடம் பேசுவார், இவர் ஐந்து சொல்லில் முடித்துவிடுவார். மிச்சத்தை எங்கே ஒளித்துவைக்கிறார் என்று யோசித்துக்கொண்டே இருப்பேன். என் இடத்துக்கு ஊரிலிருந்து ஒரு மச்சானைக் கொண்டுவரப் பார்க்கிறார் என்றும் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

அன்றும் மதாம் கை நீட்டி, குரல் உயர்த்தி, மூச்சு வாங்கப் பேசினார். அந்துவான் அண்ணை என் பக்கம் திரும்பினார்.

"குதிரை ஆளத் தூக்கிப் போடுதாம் தம்பி. சேணம் சரியில்லன்னு சொல்றாங்க."

"இவ்வளவு நேரம் கத்தினவா. இவ்வளவுதானோ சொன்னவா?"

"இன்னும் இருக்கு. குதிரை ஏறக் கத்துக்க வந்த ஒரு பொண்ணு விழுந்து தோள் எலும்பு ஒடஞ்சிருச்சாம். சேணம் காரணம் இல்லன்னா, குதிரைதான் கெட்ட குதிரை. வெள்ளிக்கிழமை குதிரை எறச்சிக்காரன் வண்டியோட வரானாம்."

அந்தக் குதிரையை எனக்குத் தெரியும். செவ்ரான் என்ற புறநகரைத் தாண்டிப் போனால் மதாமின் குதிரை லாயம். அங்கே கனேல் என்ற பெட்டைக் குதிரை. கறுவாப்பட்டை நிறம், பிரெஞ்சில் கறுவாவுக்குக் கனேல் என்பார்கள், அதனால்தான் அந்தப் பெயர். அதன் முதுகை அளந்து இந்தச் சேணத்தைத் தெரிவு செய்தவன் நான்.

பத்ரோன் சேணத்தைப் புரட்டினார், மோந்து பார்த்தார், கால் வளையங்களின் தேய்மானத்தைப் பார்த்தார். பிறகு அந்துவான் அண்ணையிடம் மெதுவாக ஏதோ சொன்னார்.

"மூணு மாசம் நல்லா ஓட்டித் தேச்சிட்டு இப்ப குத்தம் சொல்றாங்கன்னு பத்ரோனுக்கு சந்தேகம். வியாழக்கிழமை நாம ரெண்டு பேரும் போகணும். சேணம் சரின்னு காட்டிட்டு வரணும்."

சந்தேகப்படுவதில் பத்ரோனும் நானும் ஒரே சாதி. ஆனால் வியாழன் காலை அவர் வண்டியில் இரண்டாவது சேணம் ஒன்றையும் ஏற்றச் சொன்னார். என் வேலை சரியென்றால் இரண்டாவது எதற்கு என்று எனக்கு உள்ளுக்குள் எரிந்தது.

2. குதிரையின் பல்லுக்குக் கிட்டப் போகாமல் அளப்பது

இங்கே கொஞ்சம் தொழிலைச் சொல்ல வேண்டும். ஆங்கிலேயச் சேணம் கொஞ்சம் பிசகினால் உள்ளே கம்பளி அடைத்துச் சமாளிக்கலாம். முன்னால் கொம்பு வைத்த வெஸ்டர்ன் சேணத்தில் அந்த விளையாட்டு இல்லை. தோலுக்குள்ளே ஒரு மரச்சட்டம் இருக்கிறது, அர்சோன் என்போம். அதில் முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் படுக்கிற இரண்டு நீளப் பலகைகள். குதிரையின் முதுகு எப்படி வளைகிறதோ அப்படியே பலகையும் வளைய வேண்டும். சட்டம் பிழைத்தால் எல்லாம் பிழை, அதற்கு மேல் எத்தனை கம்பளம் போட்டாலும் பயனில்லை.

அதனால் கடையில் ஒரு முறை. வளையும் ஈயப் பட்டி ஒன்றைக் குதிரையின் முதுகில் அழுத்தி, அந்த வளைவை அட்டையில் வரைந்து வெட்டி எடுப்போம். தோள் எலும்புக்குப் பின்னால் குறுக்காக ஒன்று, முதுகின் நீளத்துக்கு ஒன்று. அந்த அட்டைகளைக் கடையில் உள்ள சட்டங்களோடு வைத்துப் பார்த்தால் எது பொருந்தும் என்று தெரிந்துவிடும். எனக்குக் கை சுத்தம். வரைந்த கோடு பிசகாது. அதனால்தான் தோல் தைக்க வந்தவனைப் பத்ரோன் அளக்க அனுப்பினார்.

ஒரேயொரு பிரச்சினை. எனக்குக் குதிரை என்றால் பயம். எங்கள் ஊரில் குதிரையை நான் பார்த்ததெல்லாம் கோவில் வாகனமாகத்தான். அது மரம், கடிக்காது. இவை பல்லைக் காட்டும், காதைப் பின்னால் மடிக்கும். ஒவ்வொரு குதிரையும் என்னைக் கடிக்கத் திட்டம் போடுகிறது என்றே நம்பினேன். பயம் என்று யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அளக்கும் வேலை வேறொருவருக்குப் போய்விடும். ஆகவே போகிற இடமெல்லாம் முதலில் ஒரு வாளி ஓட்ஸ் கேட்பேன். வாளியை நிலத்தில் வைத்தால் குதிரை குனிந்து தின்னும், அதன் பல் என்னை மறந்துவிடும். நான் அமைதியாக அளந்துகொண்டு வந்துவிடுவேன்.

அட்டையின் பின்னால் குதிரையின் பெயரைத் தமிழில் எழுதி, ஓரத்தில் கையெழுத்தும் வைப்பேன். யாரும் என் அட்டையை மாற்றிவிடக் கூடாது அல்லவா.

3. நாலு உலர்ந்த இடங்கள்

வியாழக்கிழமை லாயத்தில் மனுவேல் எங்களுக்காகக் காத்து நின்றார். போர்த்துக்கேயர், குதிரைகளைப் பார்த்துக்கொள்கிறவர். முகத்தில் சிரிப்பே இல்லை. எனக்கு உடனே அவர்மேல் சந்தேகம். கம்பளத்துக்குள் முள்ளோ ஆணியோ இருக்கிறதா என்று விரல் விரலாகத் தடவிப் பார்த்தேன். வயிற்றுப் பட்டியைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அவர் பார்த்துக்கொண்டே நின்றார், கோபிக்கவும் இல்லை.

மதாம் கொண்டுவந்த சேணத்தைப் போட்டுக் கனேலை அரை மணி நேரம் கயிற்றில் சுற்றி ஓடவிட்டார் மனுவேல். ஆள் ஏறவில்லை, ஆனாலும் அது இரண்டு தரம் முதுகைக் கூன்போட்டுத் துள்ளியது. பிறகு சேணத்தைக் கழற்றினார். முதுகு முழுக்க வியர்வை. தோளுக்குப் பின்னால் இரண்டு பக்கமும், இடுப்புக்கு முன்னால் இரண்டு பக்கமும், உள்ளங்கை அளவில் நாலு இடம் மட்டும் காய்ந்து கிடந்தது.

சேணம் அளவுக்கு மீறி அழுத்துகிற இடத்தில் வியர்வை வராது. நாலு மூலையில் அழுத்துகிறது என்றால் நடுவில் தொடவே இல்லை. வாய்க்கால்மேல் போட்ட பலகை மாதிரி நிற்கிறது.

அப்போதும் நான் என்னைச் சந்தேகிக்கவில்லை. அந்துவான் அண்ணை அட்டையை மாற்றிவிட்டார் என்று நினைத்தேன். பையிலிருந்து முதுகின் நீள அட்டையை எடுத்துப் பின்பக்கம் பார்த்தேன். கனேல் என்று என் எழுத்து, ஓரத்தில் என் கையெழுத்து. மற்றவர்களைப் பிடிக்க வைத்த பொறியில் நானே நின்றேன்.

"முதுகில வைச்சுப் பாப்பம். ஒரு வாளி ஓட்ஸ் வேணும் எண்டு சொல்லுங்கோ அண்ணை."

வாளி வந்தது. கனேல் குனிந்தது. அட்டையை முதுகில் வைத்தேன். நூல் போகவும் இடமில்லாமல் பொருந்தியது.

"பாத்தீங்களோ! அச்சொட்டாய் நிக்குது. என்ரை அளவிலை பிழையில்லை."

மதாம் சற்றுத் தள்ளி, வேலிக்கு அந்தப் பக்கம் மனுவேலோடு பேசிக்கொண்டிருந்தார். அவரைக் கூப்பிட வாயெடுத்தேன். அதற்குள் வாளி காலி. கனேல் தலையைத் தூக்கியது. என் கண்முன்னே முதுகு மெல்லக் கீழே இறங்கியது. அட்டைக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தது. இரண்டு விரல் போகும்.

குனிந்து தின்னும்போது குதிரையின் முதுகு மேலே எழுந்து பள்ளம் நிமிர்கிறது. தலை தூக்கினால் பள்ளம் விழுகிறது. ஆளை ஏற்றிக்கொண்டு எந்தக் குதிரையும் வாளிக்குள் தலையை வைத்துக்கொண்டு நடப்பதில்லை. நான் அளந்தது தின்கிற குதிரையை.

அந்துவான் அண்ணையும் பார்த்துவிட்டார். கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, அட்டைய உள்ள வை. அவங்க பாக்கல."

"குதிரையை நாளைக்குக் கொண்டு போயிடுவாங்கள் அண்ணை."

"தெரியும். அந்தப் பொண்ணோட அப்பா வேற கேஸ் போடுவேன்னு நிக்கறார். சேணந்தான் தப்புன்னு ஆச்சுன்னா பத்ரோன் உன்ன வச்சிப்பாரா? அடுத்த மாசம் உன் ரெசெப்பிசேக்கு யார் கடிதாசி குடுப்பா? குதிரை சரியில்லன்னு நான் சொல்லிடறேன். பழி என்னோட போகட்டும்."

என்னை வெளியே தள்ளப் பார்க்கிறார் என்று நான் ஒன்றரை வருடமாக நம்பிய மனிதர் இவர். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயம் அதிகமாக இருந்தது. தாள் இல்லாமல் போனால் எங்கே போவேன் என்று மனம் அடித்துக்கொண்டது. கனேல் என் பக்கம் கழுத்தைத் திருப்பி, இன்னும் ஓட்ஸ் இருக்கிறதா என்று என் சட்டையை மோந்தது. கடிக்கவில்லை.

நான் அட்டையைக் கையில் தூக்கிக்கொண்டு வேலியடிக்குப் போனேன்.

"மதாம், செ முவா," என்றேன். நான்தான் என்று. அதற்கு மேல் பிரெஞ்சு வரவில்லை. அவரைக் கூட்டிவந்து, தலை தூக்கி நின்ற கனேலின் முதுகில் அட்டையை வைத்து, கீழே தெரிந்த இடைவெளிக்குள் என் இரண்டு விரலையும் விட்டுக் காட்டினேன். வாளியைக் காட்டினேன். கனேலின் பல்லைக் காட்டி, என் நெஞ்சைத் தொட்டுப் பயம் என்று நடித்தும் காட்டினேன். அந்துவான் அண்ணை பெருமூச்சு விட்டுவிட்டு, மிச்சத்தை ஒரு சொல் விடாமல் பிரெஞ்சில் சொன்னார்.

மதாம் வண்டியைக் கை காட்டினார்.

இரண்டாவது சேணத்தை இறக்கினேன். இதன் பலகைகளுக்கு வளைவு அதிகம். மனுவேல் கனேலின் தலையை நேராகப் பிடித்துக்கொண்டார். கம்பளம் இல்லாமல் வெறும் முதுகில் முன்னால் வைத்து, தானாக நிற்கிற இடம்வரை பின்னால் இழுத்தேன். தோள் எலும்புக்குப் பின்னால் நின்றது. கழுத்து முடிகிற மேட்டுக்கு மேல் மூன்று விரல் இடம் இருந்தது. பின்னாலிருந்து குனிந்து பார்த்தால் இரண்டு பலகைக்கும் நடுவே முதுகெலும்பின் நீளத்துக்கு வெளிச்சம் தெரிந்தது, எலும்பில் எதுவும் படவில்லை. பலகைக்கு அடியில் கையை விட்டு முன்னிருந்து பின்வரை இழுத்தேன், எல்லா இடத்திலும் ஒரே இறுக்கம். தோல் ஓரம் இடுப்பெலும்பில் முட்டவில்லை. மனுவேலிடம் முன்னங்காலைத் தூக்கி நீட்டச் சொன்னேன், தோள் தாராளமாக அசைந்தது. அதற்குப் பிறகுதான் கம்பளம்.

மதாம் வேறு யாரையும் ஏற்றவில்லை. தானே ஏறினார். அரை மணி நேரம். கனேல் ஒருமுறைகூடத் துள்ளவில்லை. சேணத்தைக் கழற்றியபோது முதுகு முழுவதும் ஒரே மாதிரி நனைந்திருந்தது. மதாம் அதன் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். வெள்ளிக்கிழமை வண்டி வர வேண்டாம் என்று மனுவேல் அப்போதே போய்த் தொலைபேசியில் சொல்லிவிட்டார்.

4. மற்ற அட்டைகள்

கடைக்கு வந்து பத்ரோனிடம் நானே சொன்னேன். திட்டுவார், வேலை போகும் என்று நினைத்தேன். அவர் ஒரு கேள்வி மட்டும் கேட்டார். அதை விளங்கிக்கொள்ள எனக்கு யாரும் தேவைப்படவில்லை.

இப்படி வாளி வைத்து எத்தனை குதிரை அளந்தாய்?

பதினொன்று. அந்தக் குளிர்காலம் முழுவதும் அப்படித்தான் அளந்திருந்தேன். ஒவ்வொரு இடத்துக்கும் போய்த் திரும்ப அளந்து வா என்றார். கடிதமும் தந்தார். ஏன் தந்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை.

அந்துவான் அண்ணையும் நானும் கிழமைக் கணக்கில் அலைந்தோம். சில குதிரைகளின் முதுகு இயல்பிலேயே தட்டை, பாதகம் இல்லை. மூன்றுக்குச் சேணம் மாற்றிக் கொடுத்தோம். ஏழாவது இடம் வடக்கே ஒரு பண்ணை. நான் அளந்த பழுப்புக் குதிரை அங்கே இல்லை. அதன் இடத்தில் வேறொன்று நின்றது.

பண்ணைக்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"அது கெட்ட குணம் பிடிச்ச குதிரையாம் தம்பி," என்றார் அந்துவான் அண்ணை. "கடிச்சுதாம், ஒதச்சுதாம். எறச்சிக்குக் குடுத்துட்டாங்க. சேணம் ரொம்ப நல்ல சேணமாம். அதையேதான் இப்ப இதுக்குப் போடறாங்களாம்."

குறை குதிரையில் இல்லை, என் அளவில்தான் என்று சொன்னேன். இந்த முறை பிரெஞ்சு சரியாகவே வந்தது. அவர் நம்பவில்லை. அடக்கத்துக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்து, என் தோளில் தட்டினார். சேணத்தைப் புதுக் குதிரையில் வைத்துப் பார்த்தேன். இதன் முதுகு தட்டை, நன்றாகத்தான் பொருந்தியது. வண்டியில் ஏறி உட்கார்ந்து அழுதேன்.

அதன் பிறகு நெடுங்காலம் இதே தொழில் செய்து ஓய்வு பெற்றேன். இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். குதிரை தலையை நிமிர்த்தி, நாலு காலிலும் சமமாக நிற்கும்போது அளவெடுங்கள். குதிரை துள்ளினால் முதலில் உங்கள் அட்டையை எடுத்துப் பாருங்கள், பிறகு மற்றவர்களைப் பாருங்கள். பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், பக்கத்தில் நிற்பவர் தலையைப் பிடித்துக்கொள்வார். நான் அதைச் சொல்லியிருந்தால் அந்தப் பழுப்புக் குதிரை இருந்திருக்கும்.