கடைசி வரிசைக் குரல்

பேய்க் கதைன்னதும் நடு ராத்திரி, சுடுகாடு, நாய் ஊளைன்னு எதிர்பார்த்து உட்காராதீங்க. இது சாயங்காலம் நாலு மணிக்கு நடந்தது. ஜன்னலுக்கு வெளியே டிராம் போய்க்கிட்டிருந்துச்சு. ஹாலுக்குள்ள பொம்பளைங்க கூட்டம், ஆளாளுக்கு ஒரு பொட்டலம் சூரியகாந்தி விதை. அத்தனை பேர் நடுவுல நடந்தது. நான் புளுகுறேன்னு நினைக்கிறவங்க இப்பவே எழுந்து போயிடலாம். யாரையும் கெஞ்சி நம்ப வைக்கிற நிலைமையில நான் இல்ல.

என் பேரு சுஹைர். ஊர் அலெக்சாந்திரியா. ஓவிய மியூசியம் ஒண்ணுல மக்கள் நிகழ்ச்சிகளுக்கு நான்தான் பொறுப்பா இருந்தேன். எந்த மியூசியம்னு கேக்காதீங்க, கேஸ் போட்டுடுவாங்க. ஓவியம் பார்க்க எங்க ஊர்ல ஒரு ஈ காக்கா வர்றதில்ல. டைரக்டர் டாக்டர் லுத்ஃபி ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "சுற்றுவட்டார ஜனங்களை உள்ள கொண்டு வர்றியா, இல்ல நீ வெளியே போறியா?"ன்னு கேட்டார். அந்த ஆள் பேசுறதே அப்படித்தான்.

இது இரண்டாயிரத்து நாலாம் வருஷம். இங்க எல்லார் வீட்டு அலமாரியிலயும் ஒரு கல்யாண வீடியோ கேசட் தூங்கிக்கிட்டிருக்கும். "கொண்டு வாங்க, பெரிய திரையில போடறோம். பொம்பளைங்களுக்கு மட்டும், செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு"ன்னு கர்மூஸ் பேட்டை முழுக்கச் சொல்லிவிட்டேன். அடேயப்பா! உட்கார நாற்காலி பத்தல.

எங்க ஊர்க் கல்யாண வீடியோவுல கேமராக்காரன் ஒவ்வொரு மேஜையா போய் எல்லார் முகத்தையும் காட்டுவான். திரையில முகம் வர வர, ஹால்ல பேர் சொல்லுவாங்க. கல்யாணப் பொண்ணு புருவத்தைக் கிண்டல் பண்ணுவாங்க. மாப்பிள்ளை வழுக்கையை வம்புக்கு இழுப்பாங்க. நடுவுல செத்துப்போன யார் முகமாவது வந்துச்சுன்னா சிரிப்பை நிறுத்திட்டு, "அல்லா ரஹ்மத் செய்யட்டும்"னு ஒண்ணா சொல்லுவாங்க. செத்தவங்களுக்கு மட்டும் சொல்ற வார்த்தை அது. சொல்லிட்டு மறுபடி கிண்டலுக்குப் போயிடுவாங்க. அது எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு.

ஜனங்க பேசுறதையும் சேகரிச்சு வைக்கணும்னு மியூசியம் உத்தரவு. அதனால படம் ஓட்டுற ரவூஃப் ஒரு டேப் ரெக்கார்டரைக் கடைசி வரிசை நாற்காலி ஒண்ணுல வெச்சிருப்பான். அந்த வரிசையில யாரையும் உட்கார விடறதில்ல.

அந்த நாள்ல என் மனசு பாதி ஆஸ்பத்திரியிலதான் இருந்துச்சு. என் தங்கச்சி தஹானிக்கு இதயத்துல வால்வு கெட்டுப்போச்சு. ஆபரேஷனுக்கு நாள் குறிச்சிருந்தாங்க. புருஷன் விட்டுட்டுப் போனவ. அவளுக்கு ரீம்னு ஆறு வயசுப் பொண்ணு. அந்தக் குழந்தைக்கு அவளை விட்டா நான், என்னை விட்டா அவ. எங்களுக்கு வேற ஒரு நாதி கிடையாது.

இனிமே நடந்ததைக் கேளுங்க.

ஒரு செவ்வாய்க்கிழமை. முன் வரிசையில உம்மு சப்ரி உட்கார்ந்திருந்தா. முன்பல்லு ரெண்டும் போயிடுச்சு, பேசினா விசில் அடிக்கும், ஆனா வாய் மூடாது. திரையில அவளே வந்தா, இளசா, பல்லோட, கை ஆட்டிக்கிட்டு. எல்லாரும் சிரிச்சாங்க. அப்ப பின்னாலிருந்து நிதானமா ஒரு பொம்பளைக் குரல்...

"அல்லா அவளுக்கு ரஹ்மத் செய்யட்டும்."

சிரிப்பு பட்டுன்னு நின்னுச்சு.

"எவடி அவ?" உம்மு சப்ரி எழுந்துட்டா. "குத்துக்கல்லாட்டம் இங்க உட்கார்ந்திருக்கேன், எனக்கே ரஹ்மத்தா? உன் நாக்கு அழுகிப் போக!"

ரவூஃப் விளக்கைப் போட்டான். மணி நாலு இருபது. கடைசி வரிசையில யாருமே இல்ல. டேப் ரெக்கார்டர் மட்டும் சிவப்பு லைட்டோட ஓடிக்கிட்டிருந்துச்சு. அதுக்கு முந்தின வரிசைக்காரிங்க "நீதான்", "நீதாண்டி"ன்னு ஒருத்தி முக்காட்டை ஒருத்தி பிடிச்சிக்கிட்டாங்க. ஒரு செருப்பு பறந்து என் காதை உரசிட்டுப் போச்சு. எனக்கு வந்துச்சே கோபம்! "இது மியூசியம், மீன் மார்க்கெட் இல்ல!"ன்னு தொண்டை கிழியக் கத்தினேன்.

ஞாயித்துக்கிழமை ரொட்டி வாங்கிட்டு மாடி ஏறும்போது உம்மு சப்ரி சுருண்டு விழுந்தா. வீட்டு வாசலுக்கு வர்றதுக்குள்ள உயிர் போயிடுச்சு. வயசாச்சு, என்ன பண்றதுன்னு எல்லாரும் சொன்னோம்.

அடுத்த செவ்வாய். வேற கேசட். எங்க மியூசியக் காவலாளி ஜக்லூல் ஹாஜி அந்தக் கல்யாணத்துல கம்பு சுத்தி ஆடியிருந்தார். பெண்கள் காட்சியா இருந்தாலும் வாசல் கதவைப் பிடிச்சுக்கிட்டு நிப்பார் அந்த மனுஷன். பேசறதுக்கு முன்னாடி "ஹ்ர்ம்"னு தொண்டையைச் செருமுவார். அத்தனையும் சிகரெட். திரையில அவர் கம்பைத் தூக்கிப் போட்டுப் பிடிச்சார். எல்லாரும் கை தட்டினாங்க. அப்ப...

"அல்லா அவனுக்கு ரஹ்மத் செய்யட்டும்."

அதே இடத்துலேர்ந்து. கடைசி வரிசை.

"ஹ்ர்ம்... எனக்காம்மா?"ன்னு ஹாஜி சிரிச்சார். வேற யாரும் சிரிக்கல.

அவரே டார்ச் எடுத்துக்கிட்டுப் போய்க் குனிஞ்சு நாற்காலிக்குக் கீழயெல்லாம் அடிச்சுப் பார்த்தார். "எலிகூட இல்ல மேடம். படத்தைப் போடச் சொல்லுங்க"ன்னார். அவர் திரும்பி வர்றதுக்குள்ள ரெண்டு பொம்பளைங்க செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு வெளியே போயிட்டாங்க.

வியாழக்கிழமை டிராம் தண்டவாளத்தைத் தாண்டும்போது ஹாஜியை ஒரு வேன் அடிச்சிட்டுப் போச்சு. அடக்கத்துக்கு நான் போனேன். கர்மூஸ் பொம்பளைங்க என்னையே முறைச்சாங்க. ஒருத்திகூடப் பக்கத்துல வரல.

அடுத்து போட வேண்டியது உம்மு வலீத் வீட்டுக் கேசட். முன்கூட்டியே போட்டுப் பார்த்தேன். பாதியில பட்டுன்னு நிறுத்தினேன். மஞ்சள் கவுன் போட்டுக்கிட்டு நடுவுல ஆடறா... என் தஹானி.

"இது வேண்டாம். அடுத்தது போடலாம்"னேன்.

உம்மு வலீத் ஆபீசுக்கே வந்துட்டா. "என் மகன் கல்யாணம் மட்டும் உனக்குக் கசக்குதா? எங்களையெல்லாம் சாகக் கொடுத்தே. உன் வீட்டு ஆள்னா மட்டும் பொத்தி வெச்சுக்குவியா?"

"உம்மு வலீத், வாயை அளந்து பேசு."

"நீ பேசாம போடு!"

டாக்டர் லுத்ஃபியும் அவ பக்கம்தான். "அன்னிக்குக் கவர்னர் ஆபீஸ் ஆளுங்க வர்றாங்க. பேய் பிசாசுன்னு என்கிட்ட வந்து உளறாதே"ன்னார். வெட்டி எடுக்கலாம்னா அந்த ஆட்டம்தான் படத்துல பாதி.

சரி, அது சொல்றது காதுல விழுந்தாத்தானே பலிக்கும்னு நினைச்சேன். அதைக் கேக்க விடக் கூடாது. பொம்பளைங்களைக் கூப்பிட்டுச் சொன்னேன். "மஞ்சள் கவுன் வந்ததும் எல்லாரும் குலவை போடணும். கை தட்டணும். அவ திரையைவிட்டுப் போற வரைக்கும் நிறுத்தக் கூடாது. ஒரு வார்த்தை யார் காதுலயும் விழக் கூடாது." அவங்களுக்கும் பயம்தான். சரின்னாங்க.

செவ்வாய். ஹால் கதவை உள்பக்கமா பூட்டினேன். கடைசி வரிசையில நானே போய் உட்கார்ந்தேன். ஒரு பக்கம் சுவர். இன்னொரு பக்கம் டேப் ரெக்கார்டர். வேற யாருமில்ல.

நாலு முப்பத்தஞ்சு. மஞ்சள் கவுன்.

குலவை கிளம்புச்சு பாருங்க! கூரை பிய்ஞ்சிடும் போல இருந்துச்சு. தஹானி திரையில சுத்திச் சுத்தி ஆடினா. நான் இருட்டைத் தடவிக்கிட்டே இருந்தேன். யாராவது இருந்தா கழுத்தை நெரிச்சிருப்பேன். யாருமில்ல. ஒண்ணும் கேக்கல. அவ திரையைவிட்டுப் போனா. நான் முகத்தை மூடிக்கிட்டு அழுதேன். ஜெயிச்சிட்டேன்னு நினைச்சேன்.

சனிக்கிழமை ஆபரேஷன். நல்லபடியா முடிஞ்சுது. ஞாயிறு கண்ணைத் திறந்து, "அக்கா, ரீமுக்குத் தலை பின்னி விட்டியா?"ன்னு கேட்டா.

திங்கட்கிழமை விடியக்காலையில தூக்கத்துலயே போயிட்டா.

அழுது அழுது ஓஞ்சதுக்கு அப்புறம் எனக்கு ஒரே ஒரு ஆறுதல்தான். குரல் வரல. யாரும் சொல்லல. அது வேற, இது வேற. விதி.

நான் இல்லாததால ரெண்டு செவ்வாயும் படம் போடல. பத்தாம் நாள் ரவூஃப் வீட்டுக்கு வந்தான். முகம் பேயறைஞ்ச மாதிரி இருந்துச்சு. கையில ஹால் பேச்சைப் பதிஞ்ச மூணு கேசட், ஒரு டேப் ரெக்கார்டர்.

"மேடம், இதைக் கேக்கணும் நீங்க."

முதல் கேசட். உம்மு சப்ரிக்குச் சொன்ன குரல். யாருன்னு தெரியல. இன்னிக்கு வரைக்கும் தெரியல.

ரெண்டாவது. ஜக்லூல் ஹாஜிக்குச் சொன்ன குரல். ரவூஃப் சத்தத்தைக் கூட்டினான். "ரஹ்மத் செய்யட்டும்"... கடைசியில ஒரு விசில். பல்லில்லாத விசில். உம்மு சப்ரி! மண்ணுக்குள்ள போனவ.

மூணாவது. ஒரே குலவை. கைதட்டு. அதுக்கு நடுவுல, மைக்குக்கு வெகு பக்கத்துல...

"ஹ்ர்ம்."

"அல்லா அவளுக்கு ரஹ்மத் செய்யட்டும்."

அந்த மைக்குக்குப் பக்கத்துல நான் உட்கார்ந்திருந்தேன். என் காதுல விழல. நான் போடச் சொன்ன சத்தம்தான் அதை மறைச்சிருக்கு.

அன்னிக்கே ஓடினேன் டாக்டர் லுத்ஃபிகிட்ட. "கடைசியா செத்தவங்கதான் அடுத்த ஆளைக் கூப்பிடறாங்க. இனிமே கூப்பிடப் போறது என் தங்கச்சி. நிறுத்துங்க!"ன்னு அவர் மேஜையை அடிச்சுச் சொன்னேன்.

"தங்கச்சி செத்த துக்கத்துல மூளை கலங்கிடுச்சு உனக்கு. லீவு எடு. செவ்வாய்க்கிழமைக்குக் கூட்டம் நிரம்பி வழியுது, நான் நிறுத்துவேனா?"

வேலையை அவர் முகத்துல விட்டெறிஞ்சேன். எங்க வீட்டுக் கேசட்டையும் பிடுங்கிட்டு வந்தேன். ரீம் பிறந்த ஏழாம் நாள் விழா. தஹானி எப்பவோ ஆசையா குடுத்து வெச்சிருந்தது.

ஆனா எல்லாக் கேசட்டுக்கும் ரவூஃப் ஏற்கனவே ஒரு நகல் எடுத்து வெச்சிருந்தான்.

அது எனக்குத் தெரியாது.

போன செவ்வாய் அதைப் போட்டிருக்காங்க. "மறைந்த தஹானியின் நினைவாக"ன்னு டாக்டர் லுத்ஃபி மேடை ஏறி ரெண்டு வார்த்தை வேற பேசியிருக்கார். பாவி.

அன்னிக்கு ராத்திரியே ரவூஃப் ஹால் பேச்சைப் பதிஞ்ச கேசட்டோட வந்து நின்னான். போட்டான்.

உரல் இடிக்கிற சத்தம். குழந்தை பயப்படக் கூடாதுன்னு காதுகிட்ட இடிப்பாங்களே, அது. ஹால்ல பொம்பளைங்க சிரிப்பு. "மாஷா அல்லா, எவ்வளவு முடி!"

அப்புறம், வெகு பக்கத்துல, பேசறதுக்கு முன்னாடி தஹானி மூச்சை இழுப்பாளே... அந்த மூச்சு.

"ரீ..."

நின்னுச்சு.

உரல் சத்தம். மூச்சு. அழுகை... வாயைப் பொத்திக்கிட்டு அழுதா வருமே, அந்த அழுகை.

அப்புறம்...

"அல்லா என் அக்காவுக்கு ரஹ்மத் செய்யட்டும்."

"அப்ப திரையில என்னடா இருந்துச்சு?"ன்னு கேட்டேன்.

"நீங்க மேடம். குழந்தையைக் கையில வெச்சிக்கிட்டு நிக்கறீங்க. ரெண்டு முகமும் ஒண்ணா..." ரவூஃப் டேப்பை நிறுத்தினான்.

ரெண்டு பேர்ல ஒருத்தரைச் சொல்லியாகணும் போல. அவ பெத்தவ. என்னைச் சொல்லிட்டா. தஹானி மேல எனக்குத் துளிக் கோபம் இல்ல. நானா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

ரீமைத் தஹானி தோழி வீட்டுல விட்டிருக்கேன். கடைசி வரைக்கும் வெச்சுக்கறேன்னு சத்தியம் பண்ணியிருக்கா. இன்னிக்கு ஞாயிறு.

அந்த ராத்திரி ரவூஃப் போகும்போது வாசல்ல நிறுத்திக் கேட்டேன். "வர்ற செவ்வாய்க்கு யார் கேசட்?"

"டாக்டர் லுத்ஃபியோட கல்யாணம் மேடம். அவரே ஆசையா கொண்டாந்து குடுத்திருக்கார்."

எச்சரிக்கலாம்னு போனை எடுத்தேன். அவர் "ஹலோ"ன்னார். கீழ வெச்சிட்டேன்.