நாசிலில் வைத்த சந்தனம்

எண்பதுகளில் ஈப்போவில் ஓர் இரும்புப் பட்டறையில் கேஸ் கட்டிங் வேலை பார்த்தேன். தடித்த இரும்புத் தகட்டை நெருப்பால் அறுக்கிற வேலை. இப்போதெல்லாம் லேசர் என்று வெளிச்சத்தாலேயே அறுக்கிறார்களாம், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பொத்தானை அமுக்கினால் போதுமாம். நன்றாக இருக்கட்டும். எங்களுக்கு வாய்த்தது இரண்டு சிலிண்டர்கள், ஒரு குட்டித் தண்டவாளத்தின்மேல் நேராகவும், கம்பி மாட்டினால் வட்டமாகவும் ஊர்ந்து போகும் கட்டர், அதன் முனையில் ஒரு செம்பு நாசில். நாசிலைச் சுற்றியுள்ள சின்னத் துளைகளில் வரும் நெருப்பு இரும்பைப் பழுக்க வைக்கும். நடுவில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும். அதிலிருந்து பாய்கிற ஆக்சிஜன்தான் பழுத்த இரும்பை அறுத்துக்கொண்டு போகும். அந்தத் துளையில்தான் என் மானம் கப்பலேறியது.

என் மனைவி சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். கல்யாணத்துக்கு முன்னால் அவளும் பால் வெட்டினாள். ஆயுத பூசைக்கு அங்கே பால் வெட்டும் உளி, வாளி, மரத்தில் பால் வடியும் மங்கு எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவிக் கோயில் வாசலில் வரிசையாக அடுக்குவார்களாம். தன் உளிக்குத் தானே சந்தனம் வைத்தவள் அவள். அந்தத் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற பிறகு அவள் வீட்டார் ஆளுக்கொரு பக்கம் போனார்கள், அவள் என்னோடு ஈப்போவுக்கு வந்தாள். எங்கள் வாடகை வீட்டில் அவள் பொட்டு வைப்பதற்கு இருந்தது ஓர் அரிவாள்மணை மட்டும்.

"சோறு போடுற சாமான் அங்க பட்டறையில கிடக்கு. இங்க நான் அரிவாமணைக்குப் பூசை போட்டுக்கிட்டு இருக்கேன்" என்று வருடா வருடம் சொல்வாள்.

"சீனன் பட்டறைலா. அங்க போயி மிஷினுக்குச் சாமி கும்பிடணும்னு கேட்டா சிரிப்பாங்க."

"சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க. கேட்டுத்தான் பாருங்களேன்."

கேட்க எனக்குக் கூச்சம். இத்தனைக்கும் எங்கள் முதலாளி, தவுக்கே என்போம், பட்டறை வாசலிலேயே சிவப்புச் சாமி மேடை வைத்து, காலையும் மாலையும் ஊதுவத்தி ஏற்றுகிறவர். அவர் கும்பிடுவது அவருக்கு இயல்பு, நான் கும்பிடக் கேட்டால் மட்டும் தோட்டக்காட்டான் என்று நினைத்துவிடுவார் என்று எனக்கு ஒரு நினைப்பு. கடைசியில் எங்கள் வெல்டர் அண்ணன்தான் எல்லாருக்குமாகப் போய்க் கேட்டார். தவுக்கே கணக்கிலிருந்து கண்ணை எடுக்காமல் மலாயில் சொன்னார்:

"சம்பாயாங் போலே. கெர்ஜா ஜாஙான் ரோசாக்."

சாமி கும்பிடலாம், வேலை மட்டும் கெடக்கூடாது. ஒரே ஒரு நிபந்தனை. வேலை கெட்டால் அடுத்த வருடம் பூசை இல்லை என்பதை அவர் சொல்லாமலேயே புரிந்துகொண்டோம். வீட்டில் வந்து சொன்னபோது அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, "நெசமாவா?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

பூசைக்கு முன்தினம் பட்டறையைக் கழுவிவிட்டோம். நான் என் கட்டரைத் துணி போட்டுப் பளபளவென்று துடைத்து, பழைய நாசிலைக் கழற்றிவிட்டுப் பெட்டியிலிருந்து புத்தம் புதியதை எடுத்து மாட்டினேன். சாமிக்குமுன் பழசு வைக்கலாமா? பூசையன்று என் மனைவி கல்யாணப் புடவையில் சுண்டலும் பொரியும் எடுத்துக்கொண்டு வந்தாள். கிரைண்டர், வெல்டிங் செட், துளை போடும் மிஷின் என்று ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்து என் கட்டருக்கு முன்னால் நின்றாள்.

"இதுல எதுங்க சோறு போடுறது?"

நாசிலைக் காட்டினேன். "இந்த வாய்தான்."

அவள் கஞ்சத்தனம் தெரியாதவள். குழைத்த சந்தனத்தை விரல் நிறைய வழித்து அந்த வாயிலேயே வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்தாள். நான் ஏதோ ராஜா மாதிரி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தவுக்கேகூட வந்து ஒரு கைப்பிடி சுண்டல் வாங்கித் தின்றார். அன்றைக்கு ஆயுதத்தைத் தொடக் கூடாது என்பது முறை, அதனால் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் காலையில் பாகான் டத்தோ பக்கத்து செம்பனை எண்ணெய் ஆலைக்கு வளையங்கள் அறுக்க வேண்டும். நாசில் மேலிருந்த சந்தனத்தைத் துணியால் துடைத்துவிட்டு நெருப்பைப் பற்ற வைத்தேன். நீல நெருப்பு அழகாக எரிந்தது. ஆனால் முதல் வளையமே சரியில்லை. அறுத்த ஓரம் வழவழவென்று இல்லாமல் எலி கடித்தது போல் வரி வரியாக இருந்தது. அடியில் கசடு தடியாக ஒட்டிக்கொண்டு சுத்தியலால் தட்டியும் விழவில்லை.

கசடு ஒட்டினால் என்ன பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். கட்டர் மெதுவாக நகர்ந்தாலும் ஒட்டும், வேகமாக நகர்ந்தாலும் ஒட்டும். வேகத்தைக் கூட்டினேன், குறைத்தேன். ஆக்சிஜன் அழுத்தத்தை ஏற்றினேன். நாசிலுக்கும் தகட்டுக்கும் உள்ள இடைவெளியைச் சரி செய்தேன். தகட்டில் துரு இருக்குமோ என்று கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தேன். சிலிண்டரையே மாற்றினேன். அறுத்த வளையமெல்லாம் வீணாகி மூலையில் குவிந்தன. நாசிலை மட்டும் கழற்றிப் பார்க்கவில்லை. பார்ப்பானேன்? அது புதுசு, நானே துடைத்தது, சாமிக்கு வைத்தது. உலகத்தில் எது கெட்டாலும் அது கெட்டிருக்காது.

தவுக்கே வந்து நின்றார். "தகடு சரியில்ல தவுக்கே, மட்டமான இரும்பு" என்று மலாயில் அடித்துச் சொன்னேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். தவுக்கே என்னை நம்பினார். உடனே தகடு விற்ற கடைக்குப் போன் போட்டுக் காண்டனீஸில் பட்டறையே கேட்கும்படி திட்டினார். மதியத்துக்குள் அந்தக் கடையின் ஆள் வெள்ளைச் சட்டையோடு வந்துவிட்டான். அவன் தகட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வளையத்தின் ஓரத்தை விரலால் தடவிவிட்டு, "நாசில் புக்கா" என்றான். கழற்று என்கிறான்.

எனக்குக் கோபம். எனக்கே சொல்லித் தருகிறாயா என்று முறைத்துக்கொண்டே திருகிக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். நடுத்துளை பாதி இல்லை. உள் விளிம்பில் மஞ்சளாக ஏதோ சுட்ட மண் மாதிரி இறுகிப்போய் இருந்தது. ஊசியால் குத்தினேன். மஞ்சள் பொடி உதிர்ந்தது, கூடவே கொஞ்சம் சிவப்பும். சந்தன வாசனை வந்தது. சூட்டில் வெந்த பிறகும் அது மணத்தது.

ஆக்சிஜன் நேராகப் பாய வழியில்லாமல் கோணலாகப் பாய்ந்திருக்கிறது, அவ்வளவுதான் கோளாறு. எங்கள் தோட்டங்களில் எத்தனை ஆயிரம் உளிக்குச் சந்தனம் வைத்திருப்பார்கள்! ஓர் உளியும் கெட்டதில்லை. உளிக்கு வாய் கிடையாதே.

வெள்ளைச் சட்டைக்காரன் சிரித்தான். தவுக்கே சிரிக்கவில்லை. நாசிலைப் பார்த்தார், மிஷின் உடம்பில் இன்னும் அழியாமல் இருந்த பொட்டைப் பார்த்தார், பிறகு என் நெற்றியைப் பார்த்தார். அதில் நான் அன்று காலையில் பூசிய திருநீறு இருந்தது. அப்புறம் அந்த ஆளிடம் திரும்பி, தலையைக் குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டார். மொழி புரியாவிட்டாலும் மன்னிப்புக் கேட்பது புரியாதா? என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்காக அவர் குனிந்ததுதான் தாங்கவில்லை. தரை பிளந்தால் இறங்கிவிடலாம் என்று இருந்தது.

புது நாசில் மாட்டியதும் மிஷின் ஒழுங்காக அறுத்தது. அன்று முதல் பட்டறையில் எனக்குச் 'சந்தனம்' என்று பேர். "சந்தனம் அண்ணே, கொஞ்சம் இங்க வாங்க" என்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே போவேன். உள்ளே மட்டும் ஒவ்வொரு தடவையும் கூசும்.

அன்று சாயங்காலம் வீட்டுப் படியேறும்போதே அவள் கேட்டாள். "இன்னிக்கு மிஷினு நல்லா ஓடுச்சா?"

"ஓடுச்சு."

"பாத்தீங்களா? மனசாரக் கும்பிட்டா வீண் போகாது."

நடந்ததை அவளிடம் சொல்லவில்லை. அவள் சந்தோஷத்தையாவது காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வருடம் ஆயுத பூசை நெருங்கியது. பட்டறையில் யாரும் பேச்செடுக்கவில்லை. எந்த முகத்தோடு போய்க் கேட்பது? வீட்டில் அவளும் கேட்கவில்லை. ஒரு தடவை கும்பிட்டாயிற்று, ஆசை தீர்ந்துவிட்டது போலும் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன்.

பூசையன்று காலையில் தவுக்கேதான் கேட்டார், ஏன் இந்த வருடம் சம்பாயாங் இல்லை என்று.

"மாலு, தவுக்கே" என்றேன். வெட்கமாக இருக்கிறது.

அவர் என்னைக் கட்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். நாசிலின் வாயை மூடி, அவர் சாமி மேடைக்கு வாங்குகிற சிவப்புக் காகிதத்தைச் சுற்றி, நூலால் இறுக்கிக் கட்டியிருந்தது. யார் கட்டியது என்று கேட்கத் தேவையில்லை.

"சூடா துத்துப். பங்கில் லு பூஞா பினி."

மூடியாயிற்று, உன் மனைவியைக் கூப்பிடு. சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பறந்தேன். அவள் வரமாட்டேன் என்றாள், வேலை கிடக்கிறது என்றாள். தவுக்கே கூப்பிட்டார் என்று சொன்ன பிறகுதான் சாதாரணப் புடவையில், சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள்.

கிரைண்டருக்கு வைத்தாள். வெல்டிங் செட்டுக்கு வைத்தாள். என் கட்டருக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டாள். சிவப்புக் காகிதத்தைப் பார்த்தாள். சந்தனம் தொட்ட விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு கிண்ணத்தை என்னிடம் நீட்டினாள்.

"நீங்களே வைங்க."

"ஏன்? நீ வைய்யி."

"வெல்டர் அண்ணன் சம்சாரம் போன வருசமே மார்க்கெட்டுல சொல்லிச்சு. ஊரே உங்களைச் சந்தனம்னு கூப்பிடுதாமே." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "என் கையால வச்சா அடைச்சிக்கும்ங்க."

கிண்ணத்தை வாங்கிக்கொண்டேன். ஒரு வருடம் முழுக்க அவளுக்குத் தெரியாமல் காப்பாற்றியதாக நான் நினைத்த வெட்கத்தை, எனக்குத் தெரியாமல் அவள் சுமந்திருக்கிறாள். எங்கே வைப்பதென்று தெரியாமல் மிஷினின் உடம்பில் ஒரு பொட்டு வைத்துவிட்டுத் திரும்பினேன். அவள் அதற்குள் வாசலுக்குப் போய், தவுக்கேயின் சாமி மேடைக்குப் பக்கத்தில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.